கொள்ளுத்தாத்தா சேர்த்துவைத்த மண்

ஜப்பானின் கியோத்தோ நகரில் ராக்கு என்றொரு குயவர் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டின் 15-ஆம் தலைமுறைக்காரர் தேநீர்க் கிண்ணங்கள் செய்யப் பிசைந்த களிமண், அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் சேர்த்துவைத்தது. நல்ல மண் எங்காவது கிடைத்தால் அவரும் வாங்கிச் சேமிக்கிறார். அது அவர் கையில் கிண்ணமாகப் போவதில்லை. இன்னும் பிறக்காத ஒரு கொள்ளுப்பேரனுக்குப் போய்ச் சேரும்.

ஜப்பானிய மண்பாண்டங்களைப் பற்றி யார் எழுதினாலும் '15-ஆம் தலைமுறை', '400 ஆண்டுப் பரம்பரை' என்று வந்துவிடும். படிக்கிறவர் மனதில், அப்பா மகன் காதில் ஒரு ரகசியச் செய்முறையைச் சொல்லிக்கொடுத்து, அது அப்படியே கைமாறி வந்ததுபோல ஒரு படம் பதியும். இந்தக் குடும்பங்களின் கதைகளுக்குள் போனால் அந்தப் படம் நிற்பதில்லை. ரத்தத் தொடர்ச்சி பல இடங்களில் அறுந்திருக்கிறது. செய்முறை சில வீடுகளில் தொலைந்தே போயிருக்கிறது. விடாமல் தொடர்ந்தவை வேறு: ஒரு பெயர், ஓர் ஊரின் மண், இத்தனை பேர்தான் செய்யலாம் என்ற வரம்பு. எனக்கு இந்தத் தொழிலில் பிடிபட்ட முக்கியமான விஷயம் இதுதான்.

ராக்கு குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். முதல் ஆள் சோஜிரோ. கூரை ஓடுகளும் ஓட்டு அலங்காரங்களும் செய்யும் வேலையிலிருந்து வந்தவர் என்று கருதுகிறார்கள். 1574 என்று ஆண்டு பொறித்த அவருடைய சிங்க உருவம் ஒன்று இன்றும் இருக்கிறது. அவருடைய அப்பா சீனாவிலிருந்து வந்தவர் என்கிறது குடும்ப வரலாறு. தேநீர் வழங்குவதை ஒரு பெரும் கலையாக ஆக்கிய சென் நோ ரிக்யூ (1522–1591) இவரிடம் கிண்ணம் கேட்டார். அதுவரை செல்வந்தர்கள் போற்றியது சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த கிண்ணங்களை. ரிக்யூவுக்கு வேண்டியிருந்தது வேறு மாதிரி: இரண்டு உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், தேநீரின் சூடு கையைச் சுடாமல் மெதுவாக ஏற வேண்டும், கண்ணை இழுக்கும் அழகு எதுவும் இருக்கக் கூடாது. சோஜிரோ சக்கரத்தை ஒதுக்கிவிட்டார். மண்ணைத் தட்டித் தட்டையாக்கி, ஓரங்களைக் கையாலேயே எழுப்பி, சற்று இறுகியதும் கத்தியால் செதுக்கினார். ராக்கு வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சுடும் விதமும் தனி. கறுப்புக் கிண்ணத்துக்குப் பூசும் மெருகை, கியோத்தோவின் காமோ ஆற்றில் கிடைக்கும் கல்லை அரைத்துச் செய்கிறார்கள். வீட்டு வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சின்னச் சூளை, கரி நெருப்பு, துருத்தி. ஒரு கிண்ணத்தை உள்ளே வைத்து, சுமார் 1,200 டிகிரி வரை சூட்டை ஏற்றி, மெருகு உருகிப் பளபளக்கும் கணத்தில் நீண்ட இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்துவிடுவார்கள். சட்டென்று ஆறுவதால்தான் அந்தக் கறுப்பு கிடைக்கிறது. இடுக்கி பிடித்த தடம் கிண்ணத்திலேயே நின்றுவிடும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. இன்று உலகமெங்கும் மண்பாண்ட வகுப்புகளில் 'ராக்கு' என்ற பெயரில், சூடான பாண்டத்தை மரத்தூளில் போட்டுப் புகையூட்டுகிறார்களே, அது 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்த முறை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கும் இந்த வீட்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு குறைவு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மெருகுக் கலவையை ராக்கு வீட்டில் அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. மகன் சூளை வேலையில் கூட நிற்பான், பார்ப்பான், துருத்தி இழுப்பான். கலவையை அவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையின் கறுப்பும் சற்றே வேறாக இருப்பது அதனால்தான். மூன்றாம் தலைமுறை தோன்யூவின் கறுப்பில் ஒளி அதிகம். சோஜிரோவுடையது மங்கிய, உள்ளடங்கிய கறுப்பு. 15-ஆம் தலைமுறைக்காரர் தோக்கியோவில் சிற்பக்கலை படித்தார், இத்தாலிக்குப் போய்த் தங்கினார், 1981-ல் குடும்பத் தலைமை ஏற்றார். கூர்மையான செதுக்கல்களும் வண்ணப் பூச்சுகளும் கொண்ட அவருடைய கிண்ணங்களைச் சோஜிரோவுடையவற்றின் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. குடும்பம் அதைத் தடுக்கவில்லை. வாரிசு என்றால் முன்னோரை நகலெடுக்கிறவர் என்ற எண்ணமே அங்கே இல்லை.

ரத்தத்தையும் அவர்கள் கட்டாயமாக்கவில்லை. நான்காம் தலைமுறை இச்சின்யூவுக்குச் சொந்த மகன் ஒருவர் இருந்தார், இச்சிகென் என்று பெயர். மணமான மனைவிக்குப் பிறந்தவர் அல்ல. அவர் கியோத்தோவுக்குத் தெற்கே உள்ள தமாமிஸு என்ற ஊருக்குப் போய்த் தனிச் சூளை வைத்தார். ராக்கு என்ற பெயர் யாருக்குப் போனது? கரிகானேயா என்ற துணி வணிகர் குடும்பத்திலிருந்து வந்து, வீட்டு மகளை மணந்த சோன்யூவுக்கு. ஓவியர் ஒகாதா கோரினுக்கும் குயவர் கென்ஸானுக்கும் உறவினர் அவர். ஆறாம் தலைமுறை சான்யூவும் பதினொன்றாம் தலைமுறை கேய்ன்யூவும் தத்து வந்தவர்கள்தான். குடும்பத் தலைவர்கள் ஏற்றுக்கொண்டு வந்த பெயர் கிசிஸாயெமோன். அதை விட்டு ஓய்வுபெறும்போது 'ன்யூ' என்று முடியும் புதிய பெயர் ஒன்று கிடைக்கும். 15-ஆம் தலைமுறைக்காரர் 2019-ல் பெயரை மகனுக்குக் கொடுத்துவிட்டு, ஜிகின்யூ என்ற பெயரோடு இப்போதும் மண் பிசைகிறார்.

இவ்வளவு நீண்ட காலம் ஒரு குடும்பம் கிண்ணம் மட்டுமே செய்து பிழைத்திருக்கிறது என்றால், வாங்குகிறவரும் அவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தார்கள். ரிக்யூவின் வழிவந்த சென் குடும்பங்கள்தான் அந்த வாங்குகிறவர்கள். அவர்களுக்கென்று பத்துக் கைவினைக் குடும்பங்கள் உண்டு: இரும்புக் கெண்டி வார்ப்பவர், அரக்குப் பூசுபவர், மூங்கில் வேலை செய்பவர் என்று. கிண்ணம் ராக்கு வீட்டுப் பொறுப்பு. செய்பவர் குடும்பமும் வாங்குபவர் குடும்பமும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. ஒன்று போயிருந்தால் மற்றது நின்றிருக்காது.

கியோத்தோவை விட்டு தெற்கே கியூஷு தீவுக்குப் போனால் கதை இருண்டுவிடுகிறது. அங்கே பல குயவர் குடும்பங்களின் தொடக்கம் ஒரு போர்க்கொள்ளை.

1592-க்கும் 1598-க்கும் இடையில், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைத் தாக்கின. திரும்பும்போது மேற்கு ஜப்பானின் சிற்றரசர்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். தேநீர்க் கிண்ணங்களின் மீது அவர்களுக்கு இருந்த மோகம் அப்படி. அரிதா, ஹாகி, சத்சுமா என்று இன்று உலகம் போற்றும் பாண்டங்களின் வேர் அந்த ஆட்கடத்தலில் இருக்கிறது. விற்பனைக் குறிப்புகளில் 'கொரியக் குயவர்கள் வந்தார்கள்' என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அவர்கள் வரவில்லை, கொண்டுவரப்பட்டார்கள்.

கியூஷுவின் தெற்கே இருந்த சத்சுமா சிற்றரசின் ஷிமாஸு யோஷிஹிரோ 1598-ல் கொண்டுவந்தவர்களில் ஷிம் தாங்-கில் என்பவர் ஒருவர். அந்தக் கூட்டத்தில் பலரை நாயெஷிரோகாவா என்ற ஊரில் குடியமர்த்தினார்கள். இன்று அந்த ஊருக்கு மியாமா என்று பெயர். ஷிமாஸு அரசு அவர்களைச் சாமுராய்க்கு இணையாக வைத்தது. அதே சமயம் கொரியப் பெயரையும் உடையையும் மொழியையும் விடக் கூடாது என்று கட்டளையிட்டது. மதிப்பும் சிறையும் ஒன்றாகவே தரப்பட்டன. தந்த நிறத்தில் நுண்ணிய விரிசல் வலை ஓடும் வெள்ளைச் சத்சுமா அரசருக்கு மட்டும். ஊர் மக்கள் புழங்கியது கறுப்புச் சத்சுமா.

தொடக்க காலக் கிண்ணங்கள் சிலவற்றை 'ஹிபகாரி' என்கிறார்கள். மண் கொரியாவிலிருந்து வந்தது, மெருகு கொரியாவிலிருந்து வந்தது, கையும் கொரியர் கை. ஜப்பானுடையது நெருப்பு மட்டும்தான் என்பதால் அந்தப் பெயர். ஷிம் வழிவந்த குடும்பத்தை ஜப்பானில் சின் ஜுகான் என்பார்கள். 1871-ல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டபோது ஊருக்குச் சோறு போட்ட புரவலர் ஒரே நாளில் இல்லாமல் போனார். 12-ஆம் தலைமுறைக்காரர் 1873-ல் வியன்னா உலகக் கண்காட்சிக்குப் பெரிய பூச்சாடிகளை அனுப்பி, ஐரோப்பியச் சந்தையைப் பிடித்து, தொழிலைக் காப்பாற்றினார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் அவருடைய பெயரான சின் ஜுகானையே தங்கள் பெயராக ஏற்கிறார்கள். 'பழைமையான பெயர்' என்று நாம் நினைப்பது சில சமயம் இப்படி ஒரு நெருக்கடியில் பிறந்தது.

அதே ஊரில் 1882-ல் பாக் என்ற கொரியக் குடும்பப் பெயரோடு ஒரு பையன் பிறந்தான். 1886-ல் அவன் அப்பா தோகோ என்ற சாமுராய்ப் பெயரை விலை கொடுத்து வாங்கினார். அந்தப் பையன்தான் தோகோ ஷிகெனோரி. 1941-ல் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தபோதும் 1945-ல் ஜப்பான் சரணடைந்தபோதும் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். முந்நூறு ஆண்டுகள் கொரியப் பெயரை விடாதே என்று சொன்ன நாடு, அடுத்த தலைமுறையிலேயே அந்தப் பெயரோடு ஏறிவர முடியாத நாடாக மாறியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

1998-ல் கடத்தலின் 400-ஆம் ஆண்டு வந்தது. 14-ஆம் சின் ஜுகான் முன்னின்று, ஷிம் குடும்பத்தின் முன்னோர் பிடிபட்ட ஊரான கொரியாவின் நம்வோனிலிருந்து நெருப்பு எடுத்து, கப்பலில் மியாமாவுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று ஜப்பானுடையது நெருப்பு மட்டும். இந்த முறை கொரியாவுடையது நெருப்பு மட்டும். நானூறு ஆண்டுக் கணக்கை யாரையும் திட்டாமல் நேர்செய்த இந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அரிதாவின் கதையும் அதே கடத்தலில் தொடங்குகிறது, ஆனால் வேறு பக்கம் திரும்புகிறது. நபேஷிமா சிற்றரசுக்குக் கொண்டுவரப்பட்ட யி சாம்-பியோங், 1616 வாக்கில் இஸுமியாமா என்ற இடத்தில் பீங்கான் செய்யத் தகுந்த வெள்ளைக் கல்லைக் கண்டார் என்பது ஊர் வரலாறு. அதுவரை ஜப்பானில் பீங்கான் செய்யப்படவில்லை. 1917-ல் அவருக்கு அரிதாவில் நினைவுத் தூண் எழுப்பினார்கள். சீனாவில் 1644-ல் மிங் ஆட்சி கவிழ்ந்து பீங்கான் வரத்து குறைந்ததும் டச்சு வணிகர்கள் அரிதா பக்கம் வந்தார்கள். 1659-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாண்டங்களுக்கு ஒரே ஆணை கொடுத்தார்கள் என்றால், சின்ன மலை ஊரில் என்ன பரபரப்பு இருந்திருக்கும்! சரக்கு இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் ஐரோப்பாவில் 'இமாரி' என்ற பெயர் நிலைத்தது.

பீங்கானின் மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் எனாமல் தீட்டும் முறையை 1640-களில் அங்கே கைவசப்படுத்தியவர் முதல் சாகாய்தா காக்கியெமோன் என்கிறார்கள். அவருடைய வழியின் சிறப்பு நிறத்தில் பாதி, வெறுமையில் பாதி. பாண்டத்தின் பெரும்பகுதியை வெள்ளையாகவே விட்டு, ஓரமாக ஒரு காடைப் பறவையோ பூங்கிளையோ வரைவார்கள். சாதாரணப் பீங்கானின் வெள்ளையில் ஒரு நீலச் சாயல் இருக்கும். சிவப்பு அதில் சற்று மங்கும். காக்கியெமோன் வீடு அந்த நீலமே இல்லாத, அரிசி களைந்த தண்ணீரைப் போன்ற வெண்மையைக் கொண்டுவந்தது. அதற்கு நிகோஷிதே என்று பெயர். மூன்று இடத்துக் கற்களைக் கலந்து செய்யும் மண் அது. காயும்போதும் சுடும்போதும் மிகவும் சுருங்கும், வளையும், வெடிக்கும். சூளையிலிருந்து நல்லபடியாக வெளிவருவது கொஞ்சம்தான். 1710-ல் தொடங்கிய ஜெர்மனியின் மைஸன் தொழிற்சாலை பிறகு இந்தப் பாண்டங்களை ஆசையோடு நகலெடுத்தது.

பிறகு சீன வணிகம் மீண்டது, ஏற்றுமதி விழுந்தது, 18-ஆம் நூற்றாண்டில் நிகோஷிதே செய்வதே நின்றுபோனது. குடும்பம் இருந்தது, பெயர் இருந்தது, அந்த வெள்ளையைச் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை! 12-ஆம், 13-ஆம் தலைமுறைக்காரர்கள், அதாவது அப்பாவும் மகனும், பழைய குறிப்புகளையும் கற்களையும் வைத்துக்கொண்டு சோதித்துச் சோதித்து 1953-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு நூற்றாண்டு இடைவெளி. பரம்பரை என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று யோசித்தால், செய்முறை தொலைந்த பின்னும் 'இது எங்கள் வீட்டு வேலை, நாங்கள்தான் மீட்க வேண்டும்' என்ற கடமை உணர்வைப் பெயர் பத்திரமாக வைத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வீட்டில் பெயரை ஏற்பது சடங்கோடு முடிவதுமில்லை. வாரிசு அரசுப் பதிவேட்டிலேயே தன் பெயரைக் காக்கியெமோன் என்று மாற்றிக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காக்கியெமோன் பாண்டம் ஒருவர் கைவேலை அல்ல. சக்கரத்தில் வனைபவர் ஒருவர், கோடு வரைபவர் ஒருவர், கோட்டுக்குள் வண்ணம் நிரப்புபவர் ஒருவர், சூளை பார்ப்பவர் ஒருவர். அரிதா வழக்கப்படி வண்ணம் நிரப்புவது பெரும்பாலும் பெண்கள். பாண்டத்தில் நிற்பது ஒரே பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், பாண்டத்தில் செய்தவர் பெயரே இல்லாத ஓர் ஊர். ஓய்தா மாநிலத்தின் ஹிதா நகரை ஒட்டிய மலையிடுக்கில் ஓண்டா இருக்கிறது. 1705-ல் மலைக்கு அந்தப் பக்கமுள்ள கொய்ஷிவாராவிலிருந்து யானாசே என்ற குயவர் வந்தார். குரோகி என்பவர் பணம் போட்டார். சாகாமோட்டோ குடும்பம் நிலம் கொடுத்தது. இன்றும் அங்கே பாண்டம் செய்யும் வீடுகள் பத்துக்குள்தான், பெரும்பாலும் அதே குடும்பப் பெயர்கள்.

ஊருக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது மரம் மண்ணில் மோதும் ஓசை. ஓடைக் கரையில் நீளமான பைன் மரக்கட்டைகளை ஏற்றம்போல் நிறுத்தியிருப்பார்கள். ஒரு முனையில் குடைந்த தொட்டி, மறு முனையில் உலக்கை. ஓடை நீர் தொட்டியை நிரப்பும். பாரம் தாங்காமல் அந்த முனை இறங்கி நீரைக் கொட்டும். உலக்கை முனை தடாலென்று விழுந்து மண்ணை இடிக்கும். கராவுசு என்கிறார்கள் இதை. ராத்திரி பகல் ஓயாது. மலையிலிருந்து வெட்டிய கெட்டி மண் பொடியாக இருபது நாள், ஒரு மாதம்கூட ஆகும். பிறகு நீரில் கரைத்து, சலித்து, தெளியவைத்து, சூளைச் சூட்டில் உலர்த்த வேண்டும்.

ஓண்டாவின் சமூக அமைப்பு முழுவதும் இந்த ஓடையிலிருந்து வருகிறது. ஓடையில் இவ்வளவு நீர்தான், ஆகவே இவ்வளவு உலக்கைதான். இவ்வளவு உலக்கையில் இவ்வளவு மண்தான். அந்த மண் ஒரு வீட்டில் இரண்டு பேர் வனைவதற்குப் போதும். எனவே வீட்டுக்கு இரண்டு சக்கரம், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று ஒரு மகனுக்கு. மற்ற பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போய்விட வேண்டும். வெளியாள் சீடராகச் சேர முடியாது. யாராவது மின் இயந்திரம் வைத்து மண் அரைத்தால் அவர் மட்டும் பெருத்துவிடுவார், பக்கத்து வீடு சிறுத்துவிடும். அதனால் யாரும் வைப்பதில்லை. சில வீடுகள் சேர்ந்து ஒரே படிக்கட்டுச் சூளையைப் பயன்படுத்துகின்றன. பாண்டத்தின் அடியில் செய்தவர் பெயர் இருக்காது, ஊர் பெயர் மட்டும்தான். சுழலும் பாண்டத்தின் மேல் வளைந்த தகட்டைத் துள்ளவிட்டுப் போடும் பொட்டுப் பொட்டான கோலம் ஊர் முழுவதற்கும் பொது.

1931-ல் ஜப்பானின் நாட்டுப்புறக் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யானாகி சோஎட்சு இங்கே வந்து வியந்து எழுதினார். 1954-ல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் சில வாரம் தங்கி வேலை செய்தார். அப்புறம் ஊருக்குப் பெயரும் வாடிக்கையாளரும் வந்தார்கள். பெரிய மண் ஜாடிகளின் தேவை குறைந்தது, தட்டுகளும் கிண்ணங்களும் கூடின. பணம் வந்த பிறகும் உலக்கைகளின் எண்ணிக்கையை ஏற்றாமல் இருந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2017 ஜூலையில் வடக்கு கியூஷுவில் பெய்த பேய்மழையில் கராவுசுகள் பல சேதமாயின. இயந்திரத்துக்கு மாற அதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. அவர்கள் திரும்பவும் மரத்தில் உலக்கைதான் செய்துகொண்டார்கள்.

அரசு இவர்களை எப்படிப் பார்க்கிறது? 1950-ல் வந்த பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கலைத்திறனையே சொத்தாக அறிவித்து, அதை உடையவரை அங்கீகரிக்கிறார்கள். மக்கள் வழக்கில் அவர்கள் 'வாழும் தேசியப் பொக்கிஷங்கள்'. ஆண்டுக்கு 20 லட்சம் யென் உதவித்தொகை உண்டு. 1955-ல் முதன்முதலாக இப்படி அறிவிக்கப்பட்ட குயவர்களில் ஹமாதா ஷோஜியும் டோமிமோட்டோ கென்கிச்சியும் குயவர் குடும்பத்தில் பிறந்தவர்களே அல்ல. ஹமாதா தோக்கியோவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். மாஷிகோ என்ற ஊரில் போய்க் குடியேறினார். அவருக்குப் பின் மகன், பேரன் என்று இப்போது அதுவும் ஒரு பரம்பரையாகிவிட்டது.

எல்லா இடத்திலும் தனி மனிதரைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. நிகோஷிதே நுட்பத்தை 1971-ல் ஒரு பாதுகாப்புச் சங்கத்தின் பெயரில் அங்கீகரித்தார்கள், பணிமனையின் பல கைகளும் அதில் அடங்கட்டும் என்று. ஓண்டாவையும் 1995-ல் ஊர்க் குழுவாகவே ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு இதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது.

அந்தக் குழுவுக்குள்ளும் ஒரு பாகுபாடு இருக்கிறது. ஓண்டாவில் மண்ணைச் சுமப்பதும் சலிப்பதும் உலர்த்துவதும் பெண்கள்; வழக்கப்படி சக்கரத்தில் உட்கார்வது ஆண்கள். ராக்கு வீட்டிலும் காக்கியெமோன் வீட்டிலும் பெயர் இதுவரை ஆணிலிருந்து ஆணுக்குத்தான் போயிருக்கிறது. சோன்யூ ராக்கு வீட்டுக்குள் வந்ததே அந்த வீட்டு மகளை மணந்துதான். மண் வைத்திருந்த வீட்டில் பிறந்து, சூளைச் சூட்டில் வளர்ந்தவள் அவள். கிண்ணம் செய்யும் உரிமை துணி வணிகர் வீட்டிலிருந்து வந்த மாப்பிள்ளைக்குப் போனது. பெயரைக் காப்பாற்ற வெளி வீட்டு ஆணை அழைத்துவரத் தயங்காத குடும்பங்கள், சொந்த வீட்டு மகளை அழைக்க ஏன் தயங்க வேண்டும் என்பதற்கு அவர்களுடைய பாண்டங்களில் எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.